குளவிக் கூட்டைப் பார்க்கும் மகளை ஓப்பன் டேக்கு அழைத்துப் போங்கள்

ஓசூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பிளஸ் 1, உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு. தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்துக்கு இப்போதே பேசி வைக்கலாம், பணம் போதாவிட்டால் மனையை விற்கலாம் என்கிறார் உங்கள் அண்ணன். அவளோ பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் தன் ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டும் ஓப்பன் டேக்குப் போயே தீர வேண்டும் என்கிறாள். பரீட்சை நெருங்கும் நேரத்தில் ஒரு சனிக்கிழமை வீணாகுமே என்பது உங்கள் கவலை.

அந்தச் சனிக்கிழமை வீணாகாது. மனையை விற்க வேண்டாம்.

அண்ணன் சொல்லும் தொகையை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். முதலாண்டுக் கட்டணம் மட்டும் போதாது. நான்கு ஆண்டுக் கட்டணம், விடுதி, சாப்பாடு, ரசீது இல்லாமல் கேட்கும் தொகை எல்லாம் வர வேண்டும். அந்தக் கடைசித் தொகையை வாங்குவதே தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்புதான், அதை விரும்பும் பிள்ளைக்கு. உங்கள் மகள் ஒரு நாளாவது புரோகிராம் எழுதிப் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மாடிப்படிக்குக் கீழே உள்ள குளவிக் கூட்டை மாதக்கணக்காகப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறாள் என்று மட்டும் நான்கு வரி இருக்கிறது, அதுவும் குறையாக.

அவளுடைய கேள்வி ஒன்றை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்: "எல்லாம் பறக்குது, ஒண்ணு மட்டும் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கு?" இது விளையாட்டுக் கேள்வி இல்லை. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணும் ரொபாலிடியா மார்ஜினேட்டா என்ற குளவி இனம்தான் அவர் ஆராய்ந்தது. உட்காருபவை, சண்டையிடுபவை, இரை தேடுபவை என்று கூட்டிலுள்ளவற்றைப் பிரித்துப் பார்த்தால், ராணி 'உட்காருபவை' கூட்டத்தில் சேரும். அதை எடுத்துவிட்டால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று சட்டென்று மூர்க்கமாகி அடுத்த ராணியாகும். உங்கள் வீட்டுக் குளவி அதே இனமா என்பது படம் பார்த்தால்தான் தெரியும். கேள்வி மட்டும் அதேதான்.

இனி ஓப்பன் டே. வழக்கமாகப் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ஒரு சனிக்கிழமை நடக்கும். கட்டணம் இல்லை. துறைகள் ஆய்வகங்களைத் திறந்து வைத்துச் செய்முறை காட்டும், பொது உரைகள் இருக்கும். பிளஸ் 2 பிள்ளையாக இருந்தால் பொதுத்தேர்வை முன்னிட்டு நானே வேண்டாம் என்பேன். 9ஆம் வகுப்பும் பிளஸ் 1உம்தான் இதற்குச் சரியான வயது.

பெங்களூரு மெஜஸ்டிக் பேருந்து நிலையம் வந்து பச்சை வழித்தட மெட்ரோவில் சாண்டல் சோப் ஃபேக்டரி அல்லது யஷ்வந்த்பூரில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோக்காரரிடம் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று சொன்னால் உடனே புரியும். சொந்தக் காரில் போகாதீர்கள், அன்றைய கூட்டத்தில் நிறுத்த இடம் தேடியே காலை கழிந்துவிடும். வளாகம் சுமார் 400 ஏக்கர். எல்லாவற்றையும் பார்க்க நினைப்பவர்கள்தான் எதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள், மதியத்துக்குள் கால் வலியும் நாற்பது செல்ஃபியும்தான் மிஞ்சும். நிகழ்ச்சி நிரலும் வரைபடமும் இணையதளத்தில் வந்தவுடன் நான்கு இடங்களை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள்: அவளுக்குப் பிடித்த துறையில் இரண்டு, இதுவரை கேள்விப்படாத துறையில் ஒன்று, ஒரு பொது உரை. காலையில் கூட்டம் விமானப் பொறியியலுக்கும் உயர் மின்னழுத்தச் செய்முறைக்கும் ஓடும். நீங்கள் அந்நேரம் சூழலியல் மையத்துக்குப் போனால் ஆய்வு மாணவர்கள் நின்று பேசுவார்கள், பிற்பகலில் அவர்களுக்கே தொண்டை கட்டிவிடும்.

பேராசிரியரைத் தேட வேண்டாம், பிஎச்.டி. மாணவர்களைப் பிடியுங்கள். தமிழ் பேசுபவர்களும் இருப்பார்கள், கூச்சப்படாமல் தமிழிலேயே கேட்கலாம். கேள்விகளை முன்னாலேயே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்: இப்போது எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்? சோதனை சரிவராத வாரத்தில் என்ன செய்வீர்கள்? பிளஸ் 2வில் என்ன பாடம் படித்தீர்கள்? படித்து முடித்த சீனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள் அம்மா. 'பேக்கேஜ் எவ்வளவு' என்று நீங்கள் நடுவில் கேட்டால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்க மாட்டாள். அண்ணனை அன்று அழைத்துப் போகவும் வேண்டாம்.

வீடு திரும்பி இரண்டு நாள் எதுவும் கேட்காதீர்கள். பிறகு நோட்டைப் பாருங்கள். எந்த அரங்குக்கு இரண்டாம் முறை போனாள், எதைப் பற்றிப் புதுக் கேள்வி எழுதியிருக்கிறாள் என்பதுதான் தடயம். ஒன்றுமே எழுதவில்லையென்றால் அதுவும் ஒரு விடை, அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் வெளிச்சத்தை வைத்து ஐந்தாண்டுப் படிப்பை முடிவு செய்யக்கூடாது. ஆராய்ச்சியில் பெரும்பகுதி பொறுமையான சலிப்பு, அதை ஓப்பன் டே காட்டாது. அதனால் மூன்று மாதச் சோதனை வையுங்கள். கூட்டின் அறைகளை வரைந்து எண் போடட்டும். தினமும் ஒரே நேரத்தில் 15 நிமிடம், இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கூட்டைத் தொடாமல், எத்தனை குளவி, எந்த அறையில் முட்டை, எதில் புழு என்று பதியட்டும். கொட்டினால் வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை வரும் என்றால் இது வேண்டாம், எறும்புப் புற்று போதும். இடையில் பெங்களூருவில் உள்ள ஐசிடிஎஸ் (ICTS) என்ற அறிவியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் 'காபி வித் க்யூரியாசிட்டி' உரைகளில் ஒன்றிரண்டுக்குப் போய் வாருங்கள், அவையும் இலவசம். மூன்றாம் மாதமும் நோட்டு நிரம்பிக்கொண்டிருந்தால் அதுதான் அவள் பாதை.

அந்தப் பாதைக்கு நுழைவு, ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான ஐசர் ஆப்டிட்யூட் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 என 60 கேள்விகள், மூன்று மணி நேரம், 240 மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். திருவனந்தபுரம், திருப்பதி உட்பட ஏழு ஐசர்களில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிக்கலாம். இதே மதிப்பெண்ணை வைத்து இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு பி.எஸ்சி. ஆராய்ச்சிப் படிப்புக்கும் போட்டியிடலாம். அங்கே முதல் மூன்று செமஸ்டர் எல்லா அறிவியலும் பொது, கடைசி ஆண்டில் ஆய்வுத் திட்டம். இரண்டு இடங்களில் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். தேர்வை எழுதிவிட்டுக் கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, கழகத்துக்குப் பிளஸ் 2வில் கணிதம் கட்டாயம். உயிரியலுக்குக் கணிதம் எதற்கு என்று யாராவது பிரிவை மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

செலவையும் மறைக்கவில்லை. இந்த வழியில் சம்பளம் தாமதமாகத்தான் வரும், பிஎச்.டி. முடியும்போது வயது 27, 28 ஆகிவிடும். ஆனால் வீடு கடன்படத் தேவையில்லை. பொதுத்தேர்வில் தன் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்கள் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கானது. பணம் தாமதமாக வரலாம், முதலாண்டுச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிஎச்.டி.யில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

அண்ணனிடம் இப்போது ஒன்று மட்டும் சொல்லுங்கள்: மூன்று மாத நோட்டைப் பார்க்கும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் இல்லை.