முன் சராசரி, பின் சராசரி: கழித்தால் விளைவு வந்துவிடுமா?

"மார்ச்சில் விலையை மாற்றினோம். முந்தைய விற்பனைச் சராசரியைப் பிந்தையதிலிருந்து கழித்தால் அதுதானே விளைவு? கவுன்டர்ஃபாக்சுவல் எல்லாம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கழித்தால் போதாது. விலையைத் தொடாமலே இருந்திருந்தாலும் விற்பனை ஏறியோ இறங்கியோ இருக்கும். அந்த நடக்காத கோடுதான் கவுன்டர்ஃபாக்சுவல். நடந்ததற்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் விளைவு.

எனக்கு இது பிடிபட்டது கலிஃபோர்னியா சிகரெட் கணக்கில். 1988 வாக்கெடுப்பில் ப்ரொபொசிஷன் 99 என்ற புகையிலை வரி முன்மொழிவு நிறைவேறி, 1989 ஜனவரி முதல் பாக்கெட்டுக்கு 25 சென்ட் கூடுதல் வரி. விற்பனை சரிந்தது. ஆனால் வரிக்கு முன்பே சரிந்துகொண்டுதான் இருந்தது, மற்ற மாநிலங்களிலும்தான். வரியின் பங்கு எவ்வளவு?

அபாடி, டைமண்ட், ஹைன்முல்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், பெரிய புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டமோ பெரிய வரி உயர்வோ இல்லாத 38 மாநிலங்களை எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து ஒரு 'செயற்கைக் கலிஃபோர்னியா'வைக் கலந்தார்கள். யூட்டா சுமார் 33%, நெவாடா 23%, மான்டானா 20%, கொலராடோ 16%, மீதி கனெக்டிகட். 1988 வரை உண்மைக் கலிஃபோர்னியாவின் விற்பனைக் கோடும் செயற்கையானதன் கோடும் ஒட்டியே போகின்றன. அப்புறம் பிரிகின்றன. 2000-இல் இடைவெளி தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 26 பாக்கெட்.

தற்செயலாக இருக்கலாமே? அதற்காக மற்ற 38-லும் வரி வந்ததாகப் பாவித்து அதே கணக்கைப் போட்டார்கள். முன்பிருந்த விலகலோடு ஒப்பிடும்போது பின்னால் மிக அதிகமாக விலகியது கலிஃபோர்னியாதான். 39-இல் முதலிடம்.

எனக்கு உறுத்துவது நெவாடா. பக்கத்து மாநிலம்; எல்லை தாண்டிப் போய் வாங்கினால் அதன் விற்பனை ஏறி, வரியின் விளைவு பெரிதாகத் தெரியும். நானே இப்படி மாட்டியிருக்கிறேன். ஒரு கிளையில் தள்ளுபடி, பக்கத்துக் கிளை ஒப்பீட்டுக்கு. அபாரமான விளைவு என்று ஸ்லைடு போட்டு முடித்தபின்தான் தெரிந்தது, வந்தவர்களில் பாதிப் பேர் பக்கத்துக் கிளையின் வாடிக்கையாளர்கள். ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியிருக்கிறேன்: இங்கே கூடியதாக, அங்கே குறைந்ததாக.

ஆகவே மாடலுக்கு முன், ஒப்பீட்டுக் கிளைகளின் விற்பனையை இந்த விலை மாற்றம் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மார்ச்சுக்கு முந்தைய சில மாதங்களை மறைத்துவிட்டு, உங்கள் கலவை அவற்றைச் சரியாகக் கணிக்கிறதா என்று சோதியுங்கள். எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் விலையை மாற்றியிருந்தால், கலக்க ஒன்றும் மிச்சமில்லை. பழைய போக்கையும் சீசனையும் வைத்துக் கணிக்கத்தான் முடியும். எத்தனை கிளைகள், எத்தனை மாதத் தரவு என்று சொல்லுங்கள்.