பழைய பிஎஸ்3-க்கு விலை கூடிய எச்டிஎம்ஐ வயர் வாங்க வேண்டுமா?

கேட்டவர் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் போலிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) கேம் மெஷின் எடுத்திருக்கிறார். கூட வந்தது மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மட்டும். தங்க முலாம் பூசிய தடித்த எச்டிஎம்ஐ வயர் போட்டால்தான் படம் பளிச்சென்று வரும் என்கிறாராம் கடைக்காரர். நம்பலாமா என்று கேட்கிறார்.

படமும் சத்தமும் ஒன்றாகவே போகிற எச்டிஎம்ஐ வயர் கட்டாயம் வாங்குங்கள். அந்தத் தங்க வயர் வேண்டாம். இருப்பதில் மலிவானது போதும், தலை ஆடாமல் இறுக்கமாக உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

என் அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு பிஎஸ்3 கொண்டுவந்தாள். பெட்டிக்குள் அதே மூன்று கலர் வயர்தான். 32 இஞ்சி டிவியில் கொழுவி கிரிக்கெட் போட்டோம். கீழே ஸ்கோர் 6-ஆ 8-ஆ என்று முட்டி போட்டு டிவிக்குக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. கூட விளையாடிய பிள்ளைகள் எல்லாம் டிவி பழுது என்றார்கள். டிவியில் ஒரு பழுதும் இல்லை. மூன்று லயத்துத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தண்ணியையும் ஒரே பீலியில் விட்ட மாதிரி, அந்த மஞ்சள் வயர் ஒன்றிலேயே வெளிச்சமும் நிறமும் கலந்து வருகிறது. படத்தை வரைகிற கோடுகளும் பழைய டிவிக் கணக்குத்தான், நம் நாட்டு டிவி முறையான பாலில் (PAL) 576. பிஎஸ்3 கேம்களைப் பெரும்பாலும் 720 கோட்டுப் படத்தை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். எழுத்து மங்காமல் என்ன செய்யும்?

டவுனில் கடைக்குப் போனேன். "எந்தத் தோட்டம் தம்பி?" என்றுதான் முதலாளி முதலில் கேட்டார். சொன்னதும் உள்ளேயிருந்து நைலோன் பின்னல் போட்ட வயர் ஒன்றை எடுத்து வைத்தார். மலிவானதைக் காட்டுங்கள் என்றேன். "அதுல படம் கிளியரா வராது, ஒங்களுக்கு அதெல்லாம் வெளங்காது, நான் சொல்றத எடுங்க" என்றார். அந்த "ஒங்களுக்கு" இன்னும் எனக்குள் கிடக்கிறது. நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். எச்டிஎம்ஐ-யில் போவது எண்கள். 1080 கோட்டுப் படம் செக்கனுக்கு 60 தடவை போக, செக்கனுக்கு 5 ஜிகாபிட் (500 கோடி எண்கள்) அளவுக்குள்தான் தேவை. ஹை ஸ்பீட் என்று அடித்த வயர் 10.2 வரை தாங்கும். எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இரண்டு வயரிலும் ஒரே படம்தான். சேராவிட்டால் படம் மங்காது, புள்ளி புள்ளியாக மின்னும், இல்லாவிட்டால் திரை கறுத்துக் கறுத்து வரும். மலிவானதையே வாங்கி வந்தேன். அன்றைக்கு ராத்திரி ஸ்கோரைக் கட்டிலில் இருந்தே வாசித்தோம்.

பிறகு மச்சான் கொழும்பிலிருந்து வந்தபோது தன்னுடைய விலை கூடிய வயரைக் கொண்டுவந்தார். டிவிக்குப் பின்னால் நின்று மாற்றி மாற்றிக் கொழுவினேன், முன்னால் இருந்த யாராலும் எது எது என்று சொல்ல முடியவில்லை. மச்சானாலும் முடியவில்லை.

தங்கத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். தங்கம் துருப்பிடிக்காது. தலவாக்கலைப் பக்கம் ஜூன், ஜூலை மழையில் சுவரே நனைந்து கிடக்கும், மஞ்சள் ஜேக்கின் தலையில் பச்சையாகப் பூத்திருப்பதை நானே துடைத்திருக்கிறேன். அதற்காக மெல்லிய முலாம் நல்லதுதான், அது மலிவு வயரிலும் வருகிறது. படத்தின் தெளிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"பிஎஸ்5-க்கு இது சரிவராது" என்று எழுதப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன், சரிவராதுதான். 4கே-யில் (2160 கோடு) செக்கனுக்கு 120 தடவை என்றால் 48 ஜிகாபிட் தாங்குகிற அல்ட்ரா ஹை ஸ்பீட் வயர் வேண்டும். அது பெட்டிக்குள்ளேயே வருகிறது, தொலைக்காமல் வைத்திருங்கள். புதிது வாங்கினால் உறையிலுள்ள கியூஆர் லேபிளைப் போனில் ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். நீளம் கூடக் கூடத்தான் வயரின் தரம் முக்கியமாகிறது, லயத்து முன்னறைக்கு ஒன்றரை மீற்றருக்கு மேல் எதற்கு?

டிவியில் எச்டிஎம்ஐ ஓட்டை பழுதாகிவிட்டால் பச்சை, நீலம், சிவப்பு என்று வருகிற கொம்பொனன்ட் வயர் இருக்கிறது, சத்தத்துக்கு இரண்டையும் சேர்த்து ஐந்து தலை. பிஎஸ்2-க்கும் பிஎஸ்3-க்கும் ஒரே வயர். பக்கத்து லயத்து அண்ணனின் பிஎஸ்2-க்கு அதை ஒன்லைனில் நான்தான் ஓர்டர் பண்ணினேன், டவுனில் இல்லை. பார்சல் திரும்பிப் போய்விட்டது. முகவரி போதாதாம். லயத்துக்கு வீட்டு இலக்கம் எங்கே இருக்கிறது? தோட்டத்தின் பேர், டிவிஷன், அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. கடிதம் தோட்ட ஆபிசுக்குப் போகும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் வரும். இன்டர்வியூ கடிதம் நாள் கழிந்து கையில் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருஷம் என்று, 2023-ல் "மலையகம் 200" என்ற பேரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். 200 வருஷத்துக்குப் பிறகும் வாசலில் ஒட்ட ஒரு நம்பர் இல்லாத ஆட்கள் நாங்கள். வயர் கேட்டவருக்கு இது தேவையில்லாத கதைதான், ஆனால் தோட்டத்துக்கு ஓர்டர் பண்ண நினைத்தால் டவுனில் தெரிந்த கடை முகவரி ஒன்றைக் கொடுங்கள்.

தோட்டத்து நாட்சம்பளத்தில் கேம் ஒரு கேடா என்றும் யாராவது கேட்பார்கள். என் அக்கா அடுத்தவர் வீட்டில் பாத்திரம் கழுவி வாங்கிக் கொடுத்தது அது. அதை ஒழுங்கான படத்தில் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது.

கேட்டவருக்கு இன்னொன்று. எச்டிஎம்ஐ-க்கு மாற்றியதும் படமே வராவிட்டால் வயரைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். மெஷின் இன்னும் மஞ்சள் வயர் செட்டிங்கிலேயே இருக்கும். பிஎஸ்3-ஐ அணைத்து, முன்னால் சிவப்பு லைட் மட்டும் எரியும்போது பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். முதல் பீப் சத்தத்தில் கையை எடுக்காதீர்கள், இரண்டாவது பீப் வந்தபிறகு எடுங்கள். படம் வரும், எச்டிஎம்ஐ-க்கு மாற்றவா என்று கேட்டால் ஆம் என்று கொடுங்கள்.