டீச்சரிடம் கேளுங்க: பரீட்சைக்கு முன்னால இங்கிலீஷ் கதைச்சு பழகுறது எப்படி?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பெரும்பாலும் ஐயெல்ட்ஸ், அதாவது வெளிநாடு போறவங்களுக்கு இங்கிலீஷ் எவ்வளவு வருதுனு பாக்குற பரீட்சை, அத பத்தி தான் இருந்துச்சு. நர்சிங், ஹோட்டல் வேலை, மேல்படிப்புனு நம்ம புள்ளைங்க வெளிய போக பாக்குறாங்க, எல்லாருக்கும் இந்த ஒரு பரீட்சை குறுக்க நிக்குது. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன்.

கேள்வி: டீச்சர், நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல இருக்கேன். ஏ/எல் முடிச்சிட்டேன், இன்னும் ஆறு கிழமையில ஐயெல்ட்ஸ் அகடமிக் செய்யணும். டவுன்ல கிளாஸ் போறேன். சேர் நெறைய எஸ்ஸே குடுத்து பாடமாக்க சொல்லியிருக்கார், ஸ்பீக்கிங்குக்கும் பதில் எழுதி குடுத்திருக்கார். எழுதுனா ஓரளவு வருது, வாய தொறந்தா ஒன்னுமே வரமாட்டேங்குது. வீட்டுல யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது, லயத்து வரிசை வீடுகள்ல சத்தமா கதைச்சா சிரிக்கிறாங்க. நான் யாரோட கதைச்சு பழகுறது?
— வாசகி, பொகவந்தலாவ

பதில்: மகள், பாடமாக்குறத இன்னைக்கே நிப்பாட்டுங்க. சேர் மேல கோவிச்சுக்க வேணாம், ஓ/எல் பரீட்சைக்கு அப்படி படிச்சு தான் நாம எல்லாரும் பழகிட்டோம். ஆனா ஐயெல்ட்ஸ் ஸ்பீக்கிங்ல உங்க முன்னால ஒரு ஆள் இருந்து கதைப்பார், மொத்தம் 11 லேர்ந்து 14 நிமிஷம். ஒப்புவிக்கிற பதில் எது, யோசிச்சு சொல்ற பதில் எதுனு கண்டுபிடிக்க அவங்களுக்கு பயிற்சி குடுத்திருக்காங்க. பாடமாக்குனத ஒப்புவிச்சா அதுக்கு மார்க்ஸ் வராது, அதோட அடுத்த கேள்வி வேற பக்கமா திரும்புச்சுன்னா நீங்க அப்படியே நின்னு போயிருவீங்க. எஸ்ஸேயும் அப்படித்தான், தலைப்ப கொஞ்சம் மாத்தி குடுத்துட்டா பாடமாக்குன எஸ்ஸே கேள்விக்கு பதிலாவே இருக்காது.

யாரோட கதைக்கிறதுனு கேட்டீங்க. மொதல் ரெண்டு கிழமைக்கு ஆளே வேணாம், உங்க போன் போதும். அதுல வாய்ஸ் ரெக்கார்டர் இருக்கும். ஸ்பீக்கிங்ல ரெண்டாவது பகுதியில ஒரு கார்ட் தருவாங்க, உங்களுக்கு உதவி செஞ்ச ஒருத்தர பத்தி சொல்லுங்க, மறக்க முடியாத ஒரு பயணத்த பத்தி சொல்லுங்கனு இந்த மாதிரி. யோசிச்சு குறிப்பு எழுத 1 நிமிஷம், அப்புறம் 2 நிமிஷம் வரைக்கும் நீங்களே கதைக்கணும். இத வீட்டுல செய்றதுக்கு இங்கிலீஷ் டீச்சர்மாருக்கு ரொம்ப காலமா தெரிஞ்ச ஒரு முறை இருக்கு: ஒரே விஷயத்த மொதல்ல 4 நிமிஷத்துல சொல்லுங்க, திரும்ப அதையே 3 நிமிஷத்துல, கடைசியா 2 நிமிஷத்துல. எழுதி வச்சு வாசிக்க கூடாது. மொத தடவ தட்டுத்தடுமாறும், சொல் கிடைக்காம நிப்பீங்க, மூணாவது தடவையில அதே விஷயம் தானா வழிக்கு வரும், ஏன்னா என்ன சொல்றதுனு தேட வேண்டிய வேலை முடிஞ்சு போச்சு, மனசு முழுக்க எப்படி சொல்றதுங்கிறதுலயே இருக்கும். தினமும் ஒரு தலைப்பு செஞ்சா போதும்.

ரெக்கார்ட் பண்ணத கேளுங்க, ஆனா எல்லா தப்பையும் பிடிக்க போகாதீங்க, மனசு விட்டு போயிரும். ஒரு கிழமைக்கு ஒரு தப்ப மட்டும் தேடுங்க. நம்ம புள்ளைங்களுக்கு வழக்கமா வர்றது ரெண்டு. ஒன்னு, நேத்து நடந்தத சொல்லும்போது பாதியில 'வென்ட்' விட்டுட்டு 'கோ'வுக்கு வந்துருவாங்க. அடுத்தது, 'மை மதர் வொர்க்'னு சொல்லிட்டு கடைசி 'ஸ்'ஸ விட்டுருவாங்க. இந்த ரெண்டையும் உங்க குரல்லயே நீங்க கேட்டு பிடிச்சா தான் அது திருந்தும், நான் சிவப்பு பேனாவால வட்டம் போட்டா திருந்தாது, அத வகுப்புல வருஷக்கணக்கா பாத்தவ சொல்றேன்.

எத பத்தி கதைக்கிறது? உங்க வாழ்க்கைய பத்தி தான். மொதல் பகுதியில அவங்க கேக்குறதே உங்க ஊர், வீடு, படிப்பு, பொழுதுபோக்கு தான். நெறைய புள்ளைங்க தோட்டத்துல இருக்கேன்னு சொல்ல வெக்கப்பட்டு கண்டி, நுவரெலியானு ஒரு டவுன் பேர சொல்லிட்டு அதுக்கு மேல சொல்ல ஒன்னும் இல்லாம முழிப்பாங்க. நீங்க தோட்டம்னே சொல்லுங்க. மல, மழ, மூடுபனி, மூணு தலைமுறையா ஒரே எடத்துல இருக்கிறது, காலையில வேலைக்கு பேர் குடுக்க பெரட்டுக்கு போற அம்மா, ஸ்கூலுக்கு நடந்து போன பாதை எல்லாமே உங்களுக்கு நல்லா தெரிஞ்சது, தெரிஞ்சத சொல்லும்போது தான் சொல் வேகமா வரும். 'டூ யூ லைக் தி பிளேஸ் வேர் யூ லிவ்?'னு கேட்டா 'யெஸ், ஐ லைக்'னு நிப்பாட்டாதீங்க, ஒரு காரணம், ஒரு உதாரணம், அவ்வளவு தான், ரெண்டு மூணு வசனம் வந்துரும்.

இன்னொன்னு, இத யாரும் சொல்லி தரமாட்டாங்க. ரைட்டிங்ல மொதல் டாஸ்க்குக்கு அகடமிக்காரங்களுக்கு ஒரு படம் தருவாங்க, கிராஃப், டேபிள், சில நேரம் ஒரு பொருள் எப்படி தயாராகுதுனு காட்டுற படம். கொறஞ்சது 150 சொல் எழுதணும், அதுக்கு ஒரு 20 நிமிஷம் எடுத்துக்கலாம். உங்க தோட்டத்து ஃபாக்டரிய நினைச்சு பாருங்க. கொழுந்த வாட்டுறாங்க, ரோலர்ல உருட்டுறாங்க, பரப்பி நொதிக்க விடுறாங்க, சூடு காத்துல காய வைக்கிறாங்க, சலிச்சு பிஓபி, பிஓபிஎஃப்னு தரம் பிரிக்கிறாங்க. இத இங்கிலீஷ்ல எழுதுங்க: 'தி லீவ்ஸ் ஆர் விதர்ட், தென் தே ஆர் ரோல்ட்'னு போகும். யார் செய்றாங்கனு சொல்லாம என்ன செய்யப்படுதுனு சொல்ற அந்த அமைப்பு தான் இந்த மாதிரி படத்துக்கு வேணும், அத பழக உங்க ஃபாக்டரிய விட நல்ல பாடம் கொழும்புல கூட இல்ல. கிராஃப் பழகணும்னா அம்மாவோட கொழுந்து கிலோ கணக்க மாசவாரியா ஒரு தாள்ல பார் போட்டு வரைஞ்சு, எந்த மாசம் கூடுச்சு, எப்ப விழுந்துச்சுனு 150 சொல்லுல எழுதுங்க. அம்மாகிட்ட ஏன் அந்த மாசம் கொறஞ்சதுனு கேளுங்க, ஆனா அந்த காரணத்த எழுதாதீங்க, மொதல் டாஸ்க்ல படத்துல இருக்கிறத மட்டும் தான் எழுதணும், உங்க விளக்கம் அதுல வேணாம்.

ரெண்டாவது டாஸ்க் எஸ்ஸே, கொறஞ்சது 250 சொல், இதுக்கு மொதல் டாஸ்க்க விட ரெண்டு மடங்கு பெறுமதி. அதனால 40 நிமிஷத்த இதுக்கு வைங்க. சேர் குடுத்த எஸ்ஸேகள தூக்கி போட வேணாம், ஒன்ன எடுத்து வாசிங்க, மூடி வைங்க, அதே கேள்விக்கு உங்க கருத்த உங்க வசனத்துல எழுதுங்க. மூணு நாள் கழிச்சு அதையே திரும்ப திருத்தி எழுதுங்க. புது எஸ்ஸே பத்து எழுதுறத விட ஒன்ன ரெண்டு தடவ எழுதுறது உங்கள கூட முன்னேத்தும்.

மூணாவது கிழமையில ஆள் வேணும். உங்க கிளாஸ்லயே உங்கள மாதிரி வாய் தொறக்க பயப்படுற ஒரு புள்ள கட்டாயம் இருக்கும். அவங்களோட வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பி கதைங்க, ஒரு நாள் நீங்க கேள்வி கேளுங்க, அடுத்த நாள் அவங்க. ரெண்டு பேருமே தப்பா கதைப்போமேனு பயம் வேணாம், நிக்காம கதைக்க பழகுறதுக்கு அது தடையில்ல.

சிரிக்கிறவங்கள பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். நம்ம தோட்டங்கள்ல இங்கிலீஷ் ரொம்ப காலம் பங்களாவுலயும் ஆபீஸ்லயும் தான் இருந்துச்சு. தோட்டப் பாடசாலைகள அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970கள்ல தான், அதுக்கு பிறகும் எத்தனையோ ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர் இல்லாமலே புள்ளைங்க ஓ/எல் வரைக்கும் வந்தாங்க. அதனால லயத்துல ஒரு புள்ள இங்கிலீஷ் கதைச்சா நம்ம ஆளுங்களுக்கே அது துரை பேச்சு மாதிரி கேக்குது. அவங்க மேல கோவம் வேணாம். ஆனா அதுக்காக நீங்க வாய மூடாதீங்க மகள், வீட்டு முன்னால இஸ்தோப்புல நின்னே கதைங்க. உங்கள கேட்டு பக்கத்து காம்பராவுல இருக்கிற சின்னது ரெண்டு சொல் பழகும், எனக்கு அது தான் பெரிய சந்தோஷம்.

கேள்வி: டீச்சர், எனக்கு லிஸனிங் தான் பிரச்சினை. வாசிச்சா வெளங்குது, கேட்டா ஓடிப்போகுது. இங்கிலீஷ் படம் நெறைய பாக்குறேன், அது போதாதா?
— வாசகர், பண்டாரவளை

பதில்: போதாது தம்பி. படத்துல முகத்த பாத்தே பாதி வெளங்கிரும், கீழ எழுத்தும் ஓடுது. பரீட்சையில குரல் மட்டும் தான், அதுவும் ஒரே ஒரு தடவ. 4 பகுதி, 40 கேள்வி, ஏறக்குறைய 30 நிமிஷம்.

பிபிசி லேர்னிங் இங்கிலீஷ்ல 6 மினிட் இங்கிலீஷ்னு ஒரு நிகழ்ச்சி இருக்கு, காசு இல்ல, கதைக்கிறத அப்படியே எழுத்திலயும் குடுத்திருப்பாங்க. சிக்னல் நல்லா இருக்கிற எடத்துல டவுன்லோட் பண்ணி வச்சிக்கங்க. மொதல்ல முழுசா ஒரு தடவ கேளுங்க. அப்புறம் ஒரு நிமிஷ துண்ட மட்டும் எடுத்து, நிப்பாட்டி நிப்பாட்டி கேட்ட சொல்ல அப்படியே எழுதுங்க, கடைசியா அவங்க எழுத்தோட ஒத்து பாருங்க. எங்க விட்டீங்களோ அங்க தான் உங்க காது பழகல. பெரும்பாலும் அது தெரியாத சொல்லா இருக்காது, 'வான்ட் டு', 'ஹாவ் பீன்' மாதிரி தெரிஞ்ச சின்ன சொல்லுங்க வேகத்துல ஒட்டிப்போயிருக்கும். தேர்ட்டீன், தேர்ட்டி, ஃபோர்ட்டீன், ஃபோர்ட்டி இதுகளையும் நல்லா பழகுங்க, மொதல் பகுதியில நம்பர், தேதி, எழுத்து எழுத்தா சொல்ற பேர் எல்லாம் வரும். ஒருத்தர் செவ்வாய்னு சொல்லிட்டு, இல்ல புதன் தான் வசதினு மாத்துவார், மொதல்ல கேட்டத எழுதுனவங்க மாட்டிக்குவாங்க.

எழுதும்போது ஸ்பெல்லிங் பிழைச்சா மார்க்ஸ் இல்ல, பன்மை 'எஸ்' விட்டாலும் இல்ல. ஆனா தப்பான பதிலுக்கு மார்க்ஸ் வெட்டமாட்டாங்க, அதனால ஒன்னையும் வெறுமையா விடாதீங்க.

கேள்வி: எனக்கு தமிழ் ஆக்சென்ட் அடிக்குது, மாத்தணுமா?
— வாசகர், ராகலை

பதில்: மாத்த வேணாம். ஆக்சென்டுக்கு மார்க்ஸ் கொறைக்க மாட்டாங்க, சொல்றது சிரமமில்லாம வெளங்கணும், அது தான் கணக்கு. 'காஃபி'யும் 'காப்பி'யும் வேற வேறயா கேக்குதா, விலைய 'ப்ரைஸ்'னு சொல்லும்போது கடைசி சத்தம் வெறும் 'ஸ்'ஸா வருதா, பரிச சொல்லும்போது அதே சத்தம் தேனீ மாதிரி அதிருதானு பாருங்க. ஸ்கூல 'இஸ்கூல்'னு சொல்றத விட்டுருங்க. வெள்ளக்காரன் மாதிரி வாய வளைச்சு கதைக்க போனா வேகம் கெட்டு, இருக்கிற தெளிவும் போயிரும்.

கேள்வி: டீச்சர், மகனுக்கு வெளிநாடு அனுப்ப ஒரு இடத்துல பேசியிருக்கோம். அவங்க 6 பேண்ட் கட்டாயம் எடுத்து தருவோம்னு சொல்லி முன்காசு கேக்குறாங்க. நகைய வச்சு குடுக்கலாமானு யோசிக்கிறேன்.
— ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: அம்மா, தயவுசெஞ்சு குடுக்காதீங்க. பேண்ட்னா ஐயெல்ட்ஸ்ல குடுக்கிற புள்ளி, அத வாங்கி தர யாராலயும் ஏலாது. வினாத்தாள் கேம்பிரிட்ஜோட சேந்து தயாராகுது, பரீட்சைய பிரிட்டிஷ் கவுன்சிலும் ஐடிபிங்கிற நிறுவனமும் நடத்துறாங்க, நடுவுல நிக்கிற ஆளுக்கு அதுல கை இல்ல. படிப்பிச்சு தாறோம்னு சொன்னா அது வேற, எடுத்து தாறோம்னு சொன்னா எழும்பி வந்துருங்க.

மொதல்ல மகன் போற காலேஜ் இல்லன்னா வேலை எந்த பரீட்சைய கேக்குதுனு எழுத்துல வாங்குங்க. ஐயெல்ட்ஸ்லயே அகடமிக், ஜெனரல் டிரெய்னிங்னு ரெண்டு இருக்கு, பிரிட்டன் வீசா சிலதுக்கு யூகேவிஐ வகை தான் எடுக்கணும், நர்ஸ்மாருக்கு ஓஇடினு வேற பரீட்சையும் ஏத்துக்குறாங்க. மாத்தி எழுதிட்டா காசு போச்சு. மொத்த பேண்ட் மட்டும் பாக்காதீங்க: லிஸனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் நாலையும் கூட்டி நாலால பிரிச்சு கிட்ட இருக்கிற அரைக்கு கொண்டு வருவாங்க, 6, 6, 5.5, 5.5 எடுத்தா 5.75 வந்து 6னு ஆகும். ஆனா நெறைய இடத்துல ஒவ்வொரு பகுதியிலயும் கொறஞ்சது இவ்வளவு வேணும்னு கேப்பாங்க, அப்ப அந்த 5.5 தடுக்கும்.

ரிசல்ட் 2 வருஷத்துக்கு தான் செல்லும், அதனால போற காலம் தெரியாம அவசரமா எழுத வேணாம். அவங்க தளத்துல காசு இல்லாம மாதிரி பேப்பர் இருக்கு, மகன நேரம் வச்சு செய்ய சொல்லுங்க, லிஸனிங்கும் ரீடிங்கும் எவ்வளவு சரினு தானே திருத்தி பாக்கலாம். வேணும்கிற மார்க்ஸ் ரெண்டு மூணு பேப்பர்ல தொடர்ந்து வந்த பிறகு பரீட்சைக்கு காசு கட்டுங்க.

கேள்வி: பரீட்சை அன்னைக்கு எதுல கவனமா இருக்கணும்?
— வாசகி, கொட்டகலை

பதில்: பதியும்போது குடுத்த அதே அடையாள ஆவணத்த கையில கொண்டு போங்க. ஸ்பீக்கிங் வேற நாள்ல கூட வரலாம், திகதிய ரெண்டு தடவ பாருங்க. பரீட்சை கொழும்புலயோ கண்டியிலயோ இருந்தா அன்னைக்கு விடிய பஸ் ஏற நினைக்காதீங்க, மழ நாள்ல நம்ம ரோட்டுல மண் சரிஞ்சா யாரும் காத்திருக்க மாட்டாங்க, முந்தின நாளே போய் சொந்தக்காரங்க வீட்டுல தங்கிருங்க. ரீடிங்ல விடைய எழுத தனியா நேரம் தரமாட்டாங்க, 60 நிமிஷத்துக்குள்ளயே எழுதி முடிக்கணும், அத மட்டும் மறந்துராதீங்க. போற வழியில பக்கத்துல இருக்கிறவங்களோட இங்கிலீஷ்லயே கதைச்சிட்டு போங்க, நாக்கு சூடாகி இருக்கும்.