ஓட்டு இல்லாத கழகத்துக்கு வீட்டு வரி எதற்கு?

கேள்வி: தோட்டத்தை விட்டு மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மலிவு விலை வீடு வாங்கினோம். வீட்டு முன்னால் கால்வாய் அடைத்து நாறுகிறது. நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தலும் இல்லை, பிறகு ஏன் வரி? இப்போது பாக்கியைக் கட்டச் சொல்லும் ‘போராங் இ’ என்ற அறிவிப்பு வந்துவிட்டது. ‘கழகத்தில் எனக்கு ஆள் இருக்கு, 200 வெள்ளி (ரிங்கிட்) கொடுங்க, பாதியாக்கிடலாம்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. இப்படிப்பட்டவர் 200 வெள்ளியை வாங்கிக்கொண்டு, 90 வெள்ளிக்கு ஒரு தவணையைக் கட்டி, அந்த ரசீதைக் காட்டி ‘முடிச்சிட்டேன்’ என்பார். பாக்கி அப்படியே நிற்கும். ரசீதில் எந்தத் தவணை, எவ்வளவு என்று யாரும் படித்துப் பார்ப்பதில்லை. அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

வரி எப்படி வருகிறது என்றால், வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று கணக்கிட்டு, அதில் இத்தனை விழுக்காடு என்று போடுகிறார்கள். மாதம் 300 வெள்ளி வாடகை என்றால் ஆண்டு மதிப்பு 3,600. விகிதம் 5 விழுக்காடு என்று வைத்தால் 180 வெள்ளி. பிப்ரவரி கடைசிக்குள் பாதி, ஆகஸ்டு கடைசிக்குள் பாதி. மதிப்பு அதிகம் என்று தோன்றினால், புது மதிப்பீட்டுப் பட்டியல் அறிவிப்பு வரும்போது நீங்களே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். அதற்கு ரன்னர், அதாவது இடைத்தரகர், எதற்கு?

போராங் இ வந்தால் 15 நாள்தான். தாண்டினால் வாரண்டோடு வந்து வீட்டுச் சாமானை எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நேரே கவுண்டருக்குப் போய், மொத்தமாக முடியாது, தவணையாகக் கட்டுகிறேன் என்று கேளுங்கள்.

தேர்தல் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. மலேசியாவோடு இந்தோனேசியா நடத்திய மோதலைக் காட்டி 1965-இல் நிறுத்தினார்கள். நம்மவரான ஆதி நாகப்பன் தலைமையிலான ஆணையம் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அரசு கேட்கவில்லை, 1976 ஊராட்சிச் சட்டத்தில் கதவையே சாத்திவிட்டார்கள். உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. ஓட்டு இல்லை என்பதற்காக வரி இல்லை என்று ஆகாது; குப்பை லாரிக்கும் தெருவிளக்குக்கும் போகும் பணத்தில் பெரும்பங்கு இதுதான். நில வரி வேறு, அது நில அலுவலகத்துக்கு.

கால்வாய்க்கு வருகிறேன். தாமான், அதைக் கட்டி விற்ற மேம்பாட்டாளரிடமிருந்து கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். ஒப்படைக்காத தாமானில் ரோடும் கால்வாயும் மேம்பாட்டாளர் பொறுப்பு. கழகம் ‘எங்களுடையது இல்லை’ என்று கையை விரிக்கும், மேம்பாட்டாளர் போனையே எடுக்கமாட்டார், வரி பில் மட்டும் தவறாமல் வரும். ஆனாலும் வரியைக் கட்டித்தான் ஆகவேண்டும். இதைக் காரணம் காட்டி நிறுத்திவைத்தவர்களுக்கும் போராங் இ வருகிறது. இன்னும் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பவர்கள் கதை வேறு: வேலிக்குள் இருப்பது தோட்ட நிர்வாகத்தின் சொத்து, கேட்கவேண்டியது மானேஜரை.

ஒப்படைத்தாகிவிட்டது என்றால், கால்வாயைப் போட்டோ எடுத்துப் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒப்படைக்கவில்லை என்றால், அதை எழுத்தில் வாங்கி உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கொடுங்கள். அவருக்காவது நீங்கள் ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள்.