பிடி-எல்1 60 சதவீதம்: உடனே ஊசி போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. புகைப்பழக்கமே கிடையாது. நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்று, நாலாம் நிலை. திருவனந்தபுரத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் பிடி-எல்1 (புற்றணுவின் மேலிருக்கும் ஒரு புரதம்) 60 சதவீதம். 50-க்கு மேல் இருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசி மட்டுமே போதும் என்கிறார்கள். டாக்டரோ, மரபணு ரிப்போர்ட் வரட்டும் என்கிறார். காத்திருக்கலாமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: காத்திருங்கள். 50 என்ற கணக்கு சரிதான். ஆனால் அது ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற மரபணுக்களில் மாற்றங்கள் இல்லாதவர்களுக்கான கணக்கு.

நோயை எதிர்க்கும் நம் டி அணுக்களின் மேல் பிடி-1 என்ற ஏற்பி உண்டு. புற்றணுவின் மேலிருக்கும் பிடி-எல்1 அதில் போய் ஒட்டினால் டி அணு அடங்கிவிடும். பெம்ப்ரோலிசுமாப் போன்ற ஊசிகள் இந்த ஒட்டுதலைத் தடுக்கின்றன. பல கட்டிகளில் பிடி-எல்1 கூடுவதற்குக் காரணமே, உள்ளே புகுந்த டி அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதம்தான். சண்டைக்கு ஆள் ஏற்கெனவே இருப்பதால் ஊசி எடுபடுகிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றமுள்ள கட்டியிலோ, அந்த மரபணுவின் ஓயாத சமிக்ஞையே பிடி-எல்1-ஐ ஏற்றிவிடும். டி அணுக்கள் குறைவு. 60 என்று எண் வந்தும் ஊசி பெரும்பாலும் பலிக்காது.

செலவு வீண் என்பதோடு போகாது. ஊசி போட்டபின் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்கான ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால், கடுமையான நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. ஊசிக்குப் பின் முதல் 3 மாதங்களில் அதிகம். ஊசி மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 3 வாரம் பிடிக்கும். இந்தியாவில் அடினோகார்சினோமா உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உண்டு, புகைக்காதவர்களிடம் இன்னும் கூடுதல். மூச்சுத்திணறல் அதிகமாகி காத்திருக்கவே முடியாது என்றால், இம்யூனோதெரபி சேர்க்காமல் ஒரு சுற்று கீமோ கொடுத்துத் தொடங்கலாம். இதை டாக்டரிடம் கேளுங்கள்.

எல்லை தாண்டி வேறு லேபுக்குப் போவதானால் ரிப்போர்ட் மட்டும் போதாது, கட்டியிலிருந்து எடுத்த துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையே கேட்டு வாங்குங்கள். பிளாக் எண் ரிப்போர்ட்டில் உள்ளதுதானா என்று பாருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகும். எலும்பிலிருந்து எடுத்த துண்டு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அமிலத்தில் ஊறவைத்து இளக்கியிருந்தால் டி.என்.ஏ. சிதைந்திருக்கும். சதை போதாவிட்டால் ரத்தத்திலும் பார்க்கலாம். அதற்கான தனிக் குழாயை ஐஸில் வைக்கக் கூடாது. ரத்தத்தில் மாற்றம் தெரிந்தால் நம்பலாம். தெரியவில்லை என்றால் 'இல்லை' என்று முடிவு கட்ட முடியாது.

கேள்வி: முழு உடல் பரிசோதனையில் சி.இ.ஏ. (ரத்தத்தில் பார்க்கும் ஒரு புற்றுக் குறியீடு) சற்று அதிகம். நுரையீரல் புற்றா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பீடி, சிகரெட், கல்லீரல் கோளாறு, குடல் அழற்சி எதிலும் சி.இ.ஏ. ஏறும். ஆரம்பப் புற்றில் ஏறாமலும் இருக்கும். இருமல் 2 வாரம் தாண்டியிருந்தால், சளியில் ரத்தம் வந்தால், எக்ஸ்ரேயும் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் எடுங்கள். சளியில் கிருமி இல்லாமலே காசநோய் மாத்திரை தொடங்கி, எக்ஸ்ரே நிழல் குறையாவிட்டால் சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.