மாரிக்கு முன் ரயரைப் பாருங்கள்

கேள்வி: அண்ணை, என்ரை காரின் முன் ரயர் இரண்டும் முடிந்துவிட்டன என்று கராஜில் சொல்கிறார்கள். எனக்கென்றால் பள்ளங்கள் இன்னும் வடிவாகத் தெரிகின்றன. ஓடுவது பரந்தன் - முல்லைத்தீவு ரோட்டில்தான். இப்போதே மாற்றவேண்டுமா? மாற்றினால் புதுசு இரண்டையும் முன்னுக்குத்தானே போடுவது?
- பரந்தன் வாசகர்

பதில்: பள்ளம் தெரிந்தால் போதாது தம்பி, எவ்வளவு ஆழம் மிச்சம் என்று பார்க்கவேண்டும். புதுக் கார் ரயரில் அது 7, 8 மில்லிமீற்றர் இருக்கும். ரயரின் பக்கச் சுவரில், மேல் விளிம்புக்குக் கிட்ட, டி.டபிள்யூ.ஐ (TWI) என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பெரிய பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினால் குறுக்கே ஒரு இறப்பர் மேடு தட்டுப்படும், உயரம் 1.6 மில்லிமீற்றர். ரயர் தேய்ந்து அந்த மேட்டோடு ஒரே மட்டமாகிவிட்டால் பிறகு ஒருநாளும் ஓடக்கூடாது. பல நாடுகளில் சட்டம் வைத்திருக்கும் எல்லையும் அதுதான்.

ஆனால் நான் அதுவரை விடச் சொல்லமாட்டேன். 3 மில்லிமீற்றருக்கு வந்தாலே, மாரி தொடங்க முன்னம் மாற்றிவிடுங்கள். அந்தப் பள்ளங்கள் இருப்பதே தண்ணீரை வெளியே தள்ளத்தான், காய்ந்த தார் ரோட்டில் தேய்ந்த ரயரும் நன்றாகவே பிடிக்கும், அதனால் ஆனி ஆடியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது வேகமாகப் போனால், அது வெளியேற வழியில்லாமல் ரயருக்கு அடியில் புகுந்து காரைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், பிரேக் கேட்காது. இரவில் நடுரோட்டில் மாடு படுத்திருக்கிற இடம் உங்களுடையது, நான் சொல்லத் தேவையில்லை.

எப்படித் தேய்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று கூட, இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் பெரும்பாலும் அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கிற கோணம், பிழை. கிறவல் ரோட்டுக் குழிகளில் விழுந்து எழும்புகிற காருக்கு இது சகஜம். அதைச் சரிபார்க்காமல் புது ரயர் போட்டால் அதுவும் அப்படியே போகும்.

அப்புறம், புதுசு இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள், பின்னால் உள்ள நல்ல ரயர்கள் முன்னுக்கு வரட்டும். ஈரத்தில் முன் சில்லு வழுக்கினால் கார் நேரே போகும், அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளலாம். பின் சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

கேள்வி: வெளிநாட்டில் உள்ள அண்ணாவின் கார் வருடக்கணக்காக ஓடாமல் நிற்கிறது. ரயர் புதுசு மாதிரி. ஓடலாமா?
- மாங்குளம் வாசகி

பதில்: ஓடாவிட்டாலும் இறப்பர் கிழடாகும் தங்கச்சி. பக்கச் சுவரில் டி.ஓ.டி (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உட்பக்கம் இருக்கும். 5 வருடம் தாண்டினால் வருடாவருடம் கராஜில் காட்டுங்கள்; 10 வருடமானால் எவ்வளவு பள்ளம் இருந்தாலும் கழற்றுங்கள். மயிர்போல வெடிப்பு ஓடியிருந்தால் வருடம் பார்க்காமல் உடனே காட்டுங்கள். ஸ்பெயர் வீலுக்கும் இதே கணக்குத்தான்.