பல்கா மரத்தை விதை போட்டு வளர்க்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஒரே மூச்சில் ஐந்து கேள்வி கேட்டுவிட்டீர்கள். பெர்த்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, கேனிங் வேல் பக்கம் வாடகை வீடு, தெருமுனை வீட்டு வாசலில் நிற்கிற பல்காவை, அதாவது கிராஸ் ட்ரீ என்கிற புல் மரத்தைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. பெரிய மரமாகவே வாங்கி வைக்கலாமா, விதை போட்டு வளர்க்க முடியுமா, காட்டில் போய் விதை பொறுக்கலாமா, ஊருக்குக் கொஞ்சம் விதை அனுப்பலாமா, அப்புறம் எந்த ஏரியாவில் வீடு வாங்கினால் நல்லது என்று ஒரு வால்.

வீட்டு விஷயத்துக்கு நான் ஆள் இல்லை. மண்டோகலப் முருகன் கோயில் கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், கேட்காமலே ஆளுக்கொரு ஏரியா சொல்வார்கள். அவரவர் வீடு இருக்கிற ஏரியாவாகவே அது இருக்கும். ஊருக்கு விதை அனுப்புகிற யோசனையையும் விட்டுவிடுங்கள். விதை எல்லை தாண்ட அனுமதி, சான்றிதழ் என்று காகித வேலை நிறைய, கைநிறைய விதைக்கு அது கட்டுப்படியாகாது. மரத்தைப் பற்றிப் பேசுவோம். அதில்தான் உங்கள் பணம் போகப் போகிறது.

நான் வந்து இறங்கியது பிப்ரவரி. நாற்பது டிகிரி வெயில், கையில் கார் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நின்றால் நின்றதுதான். வாடகை வீட்டுப் பின்புறத்தில் கீரை போடலாம் என்று தண்ணீர் ஊற்றினால் மண்ணில் இறங்கவே இல்லை. முத்து முத்தாக உருண்டு ஓடியது. பெர்த் மணல் அப்படித்தான். மக்கிய இலைதழையிலிருந்து வருகிற மெழுகு மணல் துகள்களின் மேல் படிந்துவிடும், காய்ந்துபோனால் நீரை ஏற்காது. இந்த மண்ணில் எதுவும் வராது என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கா, யாரும் தண்ணீர் ஊற்றாமல், பச்சைப் பசேலென்று நின்றுகொண்டிருந்தது. எனக்கு இந்த மரத்தின் மேல் பிடிப்பு வந்தது அங்கேதான்.

பல்கா என்பது இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான நூங்கர் மக்கள் வைத்த பெயர். தாவரவியல் பெயர் சாந்தோரியா பிரெய்சி. சாந்தோரியா இனத்தில் முப்பது வகை வரை உண்டு, எல்லாமே ஆஸ்திரேலியாவில் மட்டும்தான். நம் பக்கம் அதிகமாகத் தானாக வளர்வது இந்தப் பிரெய்சி. மாநிலத்துக்கு மாநிலம் வகை மாறும். சிட்னியில் இருக்கிற உங்கள் மச்சான் சொல்கிற பக்குவத்தை இங்கே அப்படியே போட்டுப் பார்க்க வேண்டாம்.

முதல் எச்சரிக்கை பெரிய மரம் வாங்குவதைப் பற்றி. நர்சரியில் இடுப்பளவு, ஆளுயரம் என்று வரிசையாக நிற்கும். அதெல்லாம் தொட்டியில் வளர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டு மனைக்காகவோ சுரங்கத்துக்காகவோ காடு அழிக்கிற இடத்தில், லைசென்ஸ் வாங்கித் தோண்டி எடுத்து வருவார்கள். தண்டு வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் இடுப்பளவு மரம் உங்கள் தாத்தாவுக்கும் மூத்ததாக இருக்கலாம். அந்த வயதில் வேரை வெட்டி லாரியில் ஏற்றினால் என்ன ஆகும்? கேட்டால், ‘பாருங்க, எவ்வளவு பச்சையா இருக்கு’ என்பார்கள். அந்தப் பச்சையை நம்பக் கூடாது. தண்டுக்குள் சேர்த்து வைத்திருக்கிற சத்தை வைத்துக்கொண்டே மாதக் கணக்கில், சில சமயம் ஒரு வருஷத்துக்கும் மேல், பச்சையாக நிற்கும். வேர் பிடித்ததா இல்லையா என்பது அதற்கப்புறம்தான் தெரியும். சந்தேகம் வந்தால் உச்சி நடுவில் இருக்கிற இளம் இலைக் கொத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கெட்டியாக நின்றால் சரி. கையோடு வந்துவிட்டால், அடியில் பழுப்பாக அழுகியிருக்கும், மரம் போயிற்று.

நம்மவர்கள் இதில் படுத்துகிற பாடு சொல்லி மாளாது. ஒருவர் புது வீடு கட்டி, பிளாஸ்டிக் புல் விரித்து, வெள்ளைக் கூழாங்கல் கொட்டி, இரண்டு பக்கமும் இரண்டு கிழட்டு பல்காவை நட்டு, கீழே விளக்கு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களெல்லாம் மரத்தின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரெட்டிக் குழாய் (தோட்டத்துக்குத் தானாக நீர் பாய்ச்சுகிற குழாய்) தண்ணீர் நேராக உச்சிக் குருத்தில் அடிக்கிற மாதிரி வைத்திருந்தார் மனுஷர். மரம் செத்த பிறகும் ரொம்ப நாள் தினமும் சாயந்திரம் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கூட்டம் இருக்கிறது, கறிவேப்பிலை, முருங்கை தவிர மற்றதெல்லாம் களை என்று நினைக்கிற கூட்டம். ‘இதால என்ன பிரயோஜனம்?’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். முருங்கை என் வீட்டிலும் இருக்கிறது. அதற்காக வந்த ஊரின் மரத்தில் ஒன்றுகூடத் தெரியாமல் பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றிக்கொள்வது எனக்கு ஒப்பாது.

பிரயோஜனம் கேட்டவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். தண்டு மரக்கட்டையே கிடையாது, பழைய இலைகளின் அடிப்பாகம் பிசினால் ஒட்டி அடுக்கடுக்காக இறுகினது. அந்தப் பிசினைச் சூடாக்கித்தான் நூங்கர் மக்கள் கோடாரியின் கல்லைக் கைப்பிடியோடு ஒட்டினார்கள். பூவைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேன்சுவையாகக் குடித்தார்கள். செத்த தண்டுக்குள் இருக்கிற பார்டி புழு அவர்களுக்கு நல்ல உணவு. பூத்தண்டில் வெயில் படுகிற வடக்குப் பக்கத்துப் பூ முதலில் விரியும், அதை வைத்தே திசை சொல்லலாம்.

இரண்டாவது எச்சரிக்கை, காட்டில் கை வைக்காதீர்கள். 2016-ம் வருஷத்து உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த மாநிலத்துக் காட்டுச் செடிகளுக்குப் பாதுகாப்பு உண்டு; விதையும் அதில் அடக்கம். அரசு நிலத்தில் உரிமம் இல்லாமல் பொறுக்கினால் குற்றம். சாலையோரப் புதரும் அரசு நிலம்தான், ‘யாரும் பார்க்கவில்லை’ என்கிற கதை வேண்டாம். விசாவில் இருக்கிறவர் நீங்கள். விதைக்கடைகளில் பாக்கெட்டாகவே கிடைக்கும். இல்லையா, தோட்டத்தில் பல்கா பூத்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்.

காட்டு மண்ணையும் தொடாதீர்கள். இங்கே டைபேக் என்று ஒரு நோய், ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்கிற நுண்ணுயிர், வேரை அழுகவைத்துக் கொல்லும். பல்காவுக்கு அது எமன். ஈர மண்ணோடு செருப்பிலும் கார் டயரிலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். மலைப்பக்கக் காட்டுப் பாதைகளின் தொடக்கத்தில் காலணியைத் தேய்த்துக் கழுவ பிரஷ் வைத்திருப்பார்கள். நம் ஆட்கள் அதைத் தாண்டிக் குதித்துப் போவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! யாராவது இலவசமாக மண் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம்பகமான நர்சரி மண்ணையே வாங்குங்கள்.

சரி, இனி விதை. வசந்தத்தில் பூத்து, கோடைக் கடைசியில் பூத்தண்டு பழுப்பாகிக் காய்கள் வெடிக்கும். காயின் மூக்கு ஊசி மாதிரி குத்தும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்றிரண்டு விதை, தட்டையாக, கன்னங்கரேலென்று இருக்கும். சில காய்களில் புழு புகுந்து வெறும் தூளாக இருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள். புகை, வெந்நீர், உப்புத்தாள் ஒன்றும் வேண்டாம். இந்த மண்ணின் மற்ற செடிகளுக்குச் செய்கிற சடங்கெல்லாம் இதற்குத் தேவையே இல்லை. விதை புதிதாக இருந்தால் தானாக முளைக்கும்.

ஏப்ரல், மே மாதத்தில், வெயில் தணிந்த பிறகு போடுங்கள். கரடான ஆற்று மணலோடு மக்கின மரப்பட்டை அல்லது தென்னைநார்த் தூள் கலந்து, விதையை அதன் நீளத்துக்கு மேல் ஆழமில்லாமல் புதைத்து, ஈரம் காயாமல் வையுங்கள். ஈரம் என்றால் சொதசொதப்பு இல்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதம் பொறுத்தால் நூல் மாதிரி ஒற்றை இலை எட்டிப் பார்க்கும். சில விதை இன்னும் தாமதம் செய்யும், தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

முதல் வருஷம் முழுக்க அது புல்தான். பார்க்கிற யாரும் மரம் என்று சொல்ல மாட்டார்கள். ஊரிலிருந்து வந்த மாமியார் சும்மா இருக்க முடியாமல் தொட்டியில் ‘கோரை’ பிடுங்கிப்போட்ட கதை எங்கள் வீட்டில் உண்டு. அதைப் பற்றி இன்றைக்கும் வீட்டில் வாய் திறக்க எனக்கு அனுமதி இல்லை. இலையை விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், நாற்றிலேயே விறைப்பு தெரியும், கோரை துவளும். தொட்டியில் பெயர் எழுதிக் குத்தி வைப்பது உத்தமம்.

இன்னொரு விஷயம் புத்தகத்தில் படித்தால் நம்ப மாட்டீர்கள். நாற்று வளர வளர, வேர்கள் சுருங்கி அதன் குருத்தைக் கீழே இழுக்கும். மேலே வரவேண்டியது மண்ணுக்குள் போகிறதே, அழுகுகிறதோ என்று தோண்டிப் பார்க்கக் கை பரபரக்கும். தோண்டாதீர்கள். குருத்தை மண்ணுக்குள் வைத்துக்கொண்டால் தீ வந்தாலும் பிழைக்கும், அதற்கான ஏற்பாடு அது. அதனால்தான் ஆழமான தொட்டி வேண்டும் என்கிறேன், அகலமானது அல்ல. மாற்றி நடும்போது மண்கட்டி உடையாமல், வேர் அசையாமல் நகர்த்துங்கள்.

உரம் விஷயத்தில் நம் ஊர்ப் புத்தி இங்கே ஆகாது. சாணி, கோழி எரு, பூச்செடிக்குப் போடுகிற பாஸ்பரஸ் உரம் எதுவும் வேண்டாம். இந்த மணலில் பாஸ்பரஸ் அபூர்வம், இங்கே பிறந்த செடிகள் அதற்குப் பழகியவை. நாட்டுச் செடிக்கென்று விற்கிற மெதுவாய்க் கரைகிற உரத்தைக் கொஞ்சம் தூவினால் போதும். பழுப்புச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். அது இடம் மாற்றி நட்ட பெரிய மரத்துக்கு, மண்ணில் உள்ள நுண்ணுயிரைப் பெருக்க என்று நர்சரிக்காரர்கள் சொல்கிற வைத்தியம். நாற்றுக்கு ஊற்றினால் எறும்புக்குத்தான் விருந்து.

இலை அடர்ந்து வந்த பிறகு, குளிர்கால முதல் மழையோடு தரையில் வைக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே ஸ்பிரிங்க்ளருக்குத் தடை, அப்போது வானமே பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வேரில் தண்ணீர் விடுங்கள். பூக்க வைக்கிறேன் என்று பாவாடை மாதிரி தொங்குகிற காய்ந்த இலைக்கு டார்ச் வைத்துக் கொளுத்துகிறவர்களும் உண்டு. தீக்குப் பிறகு நன்றாகப் பூக்கும் என்பது உண்மைதான். தீத்தடைக் காலத்தில் செய்து அபராதம் கட்டாதீர்கள்.

தண்டு எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். பத்து வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம். தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பார்களே, இது பனைக்கும் பெரிய தாத்தா. வாடகை வீட்டுக்காரருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: தொட்டியிலேயே பல வருஷம் இருக்கும், வீடு மாறும்போது கூடவே வரும். தொட்டிக்கு அடியில் மட்டும் ஒரு தட்டு வைத்துவிடுங்கள். எங்களை மூன்று மாதத்துக்கு ஒருதரம் சோதனை போட வந்த ஏஜென்ட் ஒருவர், தளக்கல்லில் தொட்டி வட்டம் பதிந்திருக்கிறது என்று பாண்டு பணத்தில் (வாடகை முன்பணத்தில்) பிடித்துக்கொண்டார். இரண்டு மழை பெய்தால் போகிற கறை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

எனக்கு முதல் விதை தந்தது அந்த வேலிக்கு அந்தப்பக்கத்து இத்தாலிக் கிழவர். கப்பலில் ஃப்ரீமாண்டிலில் வந்து இறங்கியவர், தோட்டம் முழுக்கத் தக்காளி. வீடு கட்டும்போது பல்கா குறுக்கே நின்றதாம். மரத்தை எடுக்காமல் வேலியை வளைத்துப் போட்டிருந்தார். அவர் இங்கிலீஷ் எனக்குப் புரியாது, என் இங்கிலீஷ் அவருக்குப் புரியாது. ஒரு நாள் கூப்பிட்டு, ஆளைவிட உயரமான காய்ந்த பூத்தண்டை வெட்டிப் பழைய படுக்கை விரிப்பின் மேல் போட்டுத் தட்டினார். கருப்பு விதை சடசடவென்று கொட்டியது. ஐஸ்கிரீம் டப்பாவில் அள்ளிப்போட்டு, ‘ஸ்லோ, ஸ்லோ’ என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்கே இதில் அக்கறை இல்லை. இப்போது என் தெரு வெள்ளைக்காரர்கள் என்னிடம்தான் பல்கா நாற்று கேட்டு வருகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கும் நாற்று தருகிறேன், மே மாதம் வாருங்கள். முழங்கை ஆழத் தொட்டி ஒன்று கொண்டுவாருங்கள். மாமியார் ஊரிலிருந்து வருகிற தேதி ஏதாவது இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.